ஒத்திகைக்குப் போன குடும்பம்

மே மாத விடுமுறைக்கு மற்றவர்கள் மகாபலேஷ்வர் மலைக்குப் போனார்கள். எங்களை அப்பா ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். தொண்ணூறுகளில் நாங்கள் புனேயில் இருந்தோம். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குத் தங்க இடம் ஏற்பாடு செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் அப்பாவுக்கு வேலை. மழை வருமுன் எல்லாம் தயாராக இருக்கவேண்டும் என்பதே அவர் கவலை. எங்கள் விடுமுறையெல்லாம் அந்தக் கவலையில் சேர்த்தியில்லை.

கவலைக்குக் காரணம் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் அணையைத் திறந்தபோது, முட்டா ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களை அப்பா அந்தப் பள்ளியில்தான் தங்கவைத்தார். பாய், கம்பளி, சூடான கிச்சடி எல்லாம் இருந்தும் மறுநாள் காலையிலேயே பாதிப் பேர் கரைக்குத் திரும்பிவிட்டார்கள். அப்படிப் போன ஒரு பெண்ணையும் அவள் கைக்குழந்தையையும் கயிறு கட்டித்தான் தண்ணீரிலிருந்து மீட்டார்கள். ஏன் திரும்பினீர்கள் என்று அப்பா ஆண்களிடம் கேட்டார். சாமான் போய்விடும் என்றார்கள் சிலர். சிலர் சும்மா தலையைச் சொறிந்தார்கள். அதன்பிறகு வானம் கறுத்தாலே அப்பாவுக்குச் சோறு இறங்காது.

நாமே ஒருநாள் அங்கே குடியிருந்து பார்த்தால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட் கிடைக்காத கோபத்தில் இருந்த அம்மா பாத்திரங்களை உருட்டினாள். அவள் பேசவேண்டியதை எங்களோடு தங்கி ஆகுர்டி தொழிற்சாலைக்குப் போய்வந்த அம்மாவின் தம்பி பேசினார்.

"அடுத்த வருசம் ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்கத்தான். அங்க சோறாவது அவங்களே போட்டுருவாங்க."

சொன்னாரே தவிர, முதலில் பாயைச் சுருட்டியவரும் அந்த மாமாதான்.

நாலாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் படுத்தோம். எனக்கு ஒரே கொண்டாட்டம். எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்தது, எல்லா விளக்கும் எரிந்தது. அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது.

வினை காலையில் வந்தது. குளிக்காமல் அம்மா அடுப்பைத் தொடமாட்டாள். காய்ச்சலில் கிடந்தாலும் அந்தச் சட்டத்துக்கு விலக்கில்லை. முற்றத்து ஓரத்தில் குழாயோடு ஓர் அறை இருந்தது, கதவும் இருந்தது, உள்ளே தாழ்ப்பாள்தான் இல்லை. பள்ளிக்கூடத்தில் யார் குளிக்கப் போகிறார்கள்! அம்மா என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் பிடிக்கக் கேனோடு வந்த பள்ளி வாட்ச்மேனிடம் நான் எனக்குத் தெரிந்த மராத்தியில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கதவைத் தள்ளிவிட்டார். அம்மா போட்ட கூச்சலில் கேனை அங்கேயே போட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டார், பாவம்.

விவரம் தெரியாமல் டீ கேட்டு வந்த அப்பா, ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி நின்ற அம்மாவிடம் அகப்பட்டுக்கொண்டார்.

"பாயும் கம்பளியும் வாங்கி அடுக்குனா ஆச்சா? குளிக்குத எடத்துல தாப்பா இல்ல. இங்க எந்தப் பொம்பள இருப்பா? வெள்ளமே வந்தாலும் வரட்டும்னு சொந்தக் குடிசைக்குத்தான் போவா."

அப்பா குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆண்களிடம் மட்டும் கேட்டோமே என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு மாமாவைக் கடைக்கு அனுப்பினார்.

அன்று மாமா அந்தக் கதவுக்கும் கழிப்பறைக் கதவுகளுக்கும் தாழ்ப்பாள் பொருத்தினார். பெண்கள் துணி உலர்த்த மறைவாகக் கொடி கட்டவேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல, அதையும் கட்டினார். தாழ்ப்பாள்களுக்குத் தேங்காயெண்ணெய் போடும் பொறுப்பு என்னுடையது. அதனால் அவையெல்லாம் என் சொத்து என்றே நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் அணையைத் திறந்தார்கள். பள்ளிக்கு ஆட்கள் வந்து இறங்க இறங்க அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். அம்மா அண்டாவில் கிச்சடி கிளறிக்கொண்டிருந்தாள். போன வருடம் கயிறு கட்டி மீட்ட பெண்ணும் வந்திருந்தாள். கம்பளியைக்கூட வாங்காமல் குழந்தையோடு நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திறக்கும் சத்தம். மறுபடி விழும் சத்தம். மறுபடியும்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, அந்த ஆன்ட்டி நம்ம தாப்பாவ ஒடைக்கப் போறாங்க!"

அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒடைக்கட்டும்டி. விடு."

தண்ணீர் வடியும்வரை ஒருவரும் கரைக்குத் திரும்பவில்லை. அவர்கள் வந்த அன்றைக்கே அப்பா அண்டாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு எண்ணெய் போட்டது நான். அதை ஒருத்தி உடைக்கப் பார்ப்பதில் இந்த மனிதருக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவேயில்லை.