கேரட் தோட்டத்தில் ஷாம்பெயின்

போன சனிக்கிழமை சாயங்காலம் கொடைக்கானல் பக்கம் பூண்டியில் ஒரு கேரட் தோட்டத்தில் நின்று பார்ட்டி பாட்டு கேட்டேன். ஆடவில்லை. மஃப்ளர் கட்டிக்கொண்டு ஆடினால் நன்றாக இருக்காது.

தோட்டம் நண்பர் செல்வத்தினுடையது. திங்கட்கிழமை கேரட் பிடுங்க வேண்டும். மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸ் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஆனால் பொழுது சாய்ந்தால் காட்டுமாடுகள் வந்துவிடுகின்றன. வேலி போட்டார் — மிதித்துவிட்டன. பட்டாசு வெடித்தார்... நின்று வேடிக்கை பார்த்தன.

செல்வமும் அவர் மனைவி ராணியும் வார இறுதியில் பக்கத்து மேட்டில் உள்ள டென்ட் கேம்ப்பில் வேலை செய்கிறவர்கள். டூரிஸ்ட்டுகள் நெருப்பு மூட்டி ஆடுகிற இடம். அந்த வாரம் அங்கே புக்கிங் இல்லை. எனவே கேம்ப் ஸ்பீக்கரை இரவல் வாங்கி வந்துவிட்டார், அதில் இருந்த பாட்டோடு.

"சத்தத்துல மெரண்டு ஓடிரும் சார். வெரசா வந்து பாருங்க" என்று போனில் கூப்பிட்டார். போனேன்.

பாடியவர் யாரோ, வசதியானவர். பிரைவேட் ஜெட்டில் வருகிறார். ஷாம்பெயினில் குளிக்கிறார். தங்கத் தட்டில் சாப்பிடுகிறார். எல்லாரும் வாங்க, வயிறு முட்டச் சாப்பிடுங்க, பில் என்னுது என்று நாலு வரிக்கு ஒரு தடவை அழைக்கிறார்.

கவனித்திருக்கிறீர்களா? இந்தப் பாட்டுகளில் யாரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதில்லை. கோடி ரூபாய் காரை எங்கே பார்க் பண்ணுகிறார்கள் என்றும் சொல்வதில்லை. கொடைக்கானல் சீசனில் அதுதானே முதல் கேள்வி?

காட்டுமாடுகள் வந்தன. குடும்பத்தோடு. நேராக ஸ்பீக்கர் பக்கம் வந்து, சாவகாசமாகக் கேரட் மேய ஆரம்பித்தன. செல்வம் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் இரண்டு வந்தன.

வீட்டிலிருந்து ராணி ஓடி வந்தார்.

"ஏங்க, அத மொதல்ல அமத்துங்க! கேம்ப்புல இந்தப் பாட்டப் போட்டு ஆடி முடிச்சாத்தான மிச்சம் மீதிய பள்ளத்துல கொட்டுவோம்? அதத் திங்க வர்ற மாடுகதான் இதுக! சோறு போடுறோம்னு நெனச்சு வந்துருக்குக!"

எனக்குச் சிரிப்பு வந்தது. செல்வத்தின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"நானே கூப்புட்டு வச்சுட்டேனே சார்..." என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. நான் போய் ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

பாட்டு நின்றதும் மாடுகள் தலையை நிமிர்த்தின. கொஞ்ச நேரம் காத்திருந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போயின. பாதித் தோட்டம் காலி. மீதியை மறுநாள் வெள்ளனே பிடுங்கிவிட்டார்கள்.

யோசித்துப் பார்க்கிறேன்... இத்தனை பேர் ஆடிய அந்தப் பாட்டை நம்பி, விருந்துக்கு வந்தவை அந்த மாடுகள் மட்டும்தான். பாடியவர் சொன்னபடியே வயிறு முட்டச் சாப்பிட்டன.

பில் மட்டும் செல்வத்துக்கு வந்துவிட்டது.