தண்ணீர் ஊற்றக் கூடாத மேடை

ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு என் மனைவி காரைக்குடியிலிருந்து சைகோனுக்கு வந்தாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று மாதம் தேறாது. பிடித்திருந்தால் டீச்சர் வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். பிடிக்காவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சைகோனின் புறநகரான தூ டுக்கில், நான் வேலை பார்த்த தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், ஒரு சந்துக்குள் வாடகை வீடு. நான்கு வருடம் தனிக்கட்டையாக நூடுல்ஸ் வேகவைத்த எனக்கு அந்தச் சமையலறையில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. வந்த இரண்டாம் நாள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மேடை தொடை உசரந்தான் இருக்கு. இங்ஙன எப்படிங்க நின்னு சமைக்கிறது?"

அந்த ஒரு வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவள் சிரிக்காதது, வெளியே கிளம்பாதது, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது எல்லாவற்றுக்கும் மேடைதான் காரணம் என்று முடிவு கட்டினேன். நான் இன்ஜினியர். அளந்து பார்க்கக்கூடிய பிரச்சினை ஒன்று கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் என் கண்ணுக்குத் தெரியாது.

வீட்டுக்காரம்மாள் என்னவோ செய்துகொள் என்று கையை விரித்தார். பக்கத்து மாகாணமான பின் யுவோங்குக்குப் போகிற சாலையில், தொழிற்சாலைகள் கழித்துவிட்ட பலகைகளை விற்கும் கடை ஒன்று உண்டு. மேலே பளபளவென்று மைக்கா, உள்ளே அழுத்திய மரத்தூள். நான் ஒரு பலகை வாங்கினேன். கடைக்காரர் வெட்டு விளிம்பைத் தொட்டுக் காட்டி, அங்கே தண்ணீர் போகக் கூடாது, சிலிக்கான் பசையைப் பூசி அடைத்துவிடு என்று இரண்டு தடவை சொன்னார். என் அரைகுறை வியட்நாமியத்துக்கே அது புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சந்தில் நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, மைக்கா சிதறாமல் இருக்கப் பலகையைக் கவிழ்த்து வைத்து அறுத்தேன். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓட்டை போட்டு முடித்தபோது அவள் புருவமெல்லாம் மரத்தூள். என் முகத்தைப் பார்த்து, "மாவு மில்லுக்காரர் மாதிரி இருக்கீங்க" என்று வாய்விட்டுச் சிரித்தாள். இனி இவள் எங்கே போகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய மேடைமேல் மரச்சட்டம் அடித்து உயர்த்தி, பலகையைப் பதித்து, தொட்டியை இறக்கினேன். கண்ணில் படுகிற பக்கமெல்லாம் சிலிக்கான் பூசினேன். பின்னால், குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் நீளம் மிச்சம். கை நுழையவில்லை. மறுபடி தொட்டியைக் கழற்ற வேண்டும். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் சமையல் முடிந்தால் மேடையில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கையால் வழித்துவிடுவார்கள். கருங்கல் மேடைக்கு அது ஒன்றும் செய்யாது. அவளும் அப்படித்தான் கழுவினாள். மேடைப் பக்கம் நின்றால் மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்ததால் நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் குழாயடியில் பலகை ஊறிய ரஸ்க் போல உப்பி, மைக்கா பிளந்துகொண்டது. வேலை முடிந்து வந்தவன் அதைப் பார்த்ததும் கத்தினேன்.

"இது என்ன உங்க வீட்டுக் கருங்கல்லா? ஆத்துத் தண்ணி மாதிரி ஊத்துனா பலகை என்னத்துக்கு ஆகும்?"

தவறு எந்த இடத்தில் என்று கத்தும்போதே எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். அவள் சொம்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அன்றிலிருந்து ஈரத்துணியால் மேடையைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். பிறகு சமையலும் குறைந்தது. ஒரு வேளை சாதம் வைத்து மூன்று வேளை சாப்பிட்டோம். விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே டிக்கெட் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையைக் கழற்றினேன். முன்பக்கம் பலகை இரும்பு போல இருந்தது. நான் பூசாமல் விட்ட அந்த ஒரு சாணிலிருந்துதான் ஊறியிருந்தது. ஒழுங்காகப் பூசியிருந்தால் அவள் குடம் குடமாக ஊற்றியிருந்தாலும் இத்தனை சீக்கிரம் கெட்டிருக்காது. மன்னிப்புக் கேட்டால் இன்னும் ஏதாவது மிஞ்சும் என்ற நினைப்பில் மறுநாள் அவளுக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"தெரியுங்க. பலகை உப்புறதுக்கு முந்தியே, கீழ கைய விட்டுத் தொடைச்சப்பப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல? நான் கத்துனப்பக்கூட நீ வாயத் தெறக்கலையே?"

போனில் அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"சொல்லியிருந்தா மறுநாளே வேற பலகை வாங்கிட்டு வந்திருப்பீங்க. நானும் அங்ஙனயே இருந்திருக்கணும்ல."