கெர்கென்னாவில் இட்டோ படுத்துக் கிடந்தாள்

மொராக்கோவின் மலையடிவார ஊரான மிடெல்ட்டில், பெண்கள் விடுதியில் சமைத்தே தலை நரைத்தவள் இட்டோ. பகலில் படுத்தவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. பிரசவத்தின்போது படுத்தாள், அதுவும் மறுநாளே எழுந்து ரொட்டி சுடப் போய்விட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளோ துனிசியாவில் ஒரு தீவுக் கடற்கரையைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று போனில் பார்த்துவிட்டுப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"அம்மா, உங்களுக்கு நீச்சலே தெரியாதே" என்றாள் மகள்.

"குப்பை பொறுக்க நீச்சல் எதுக்குடி?"

கெர்கென்னா தீவில் தொண்டர்களை வீட்டுக்கு ஒருவராகத் தங்கவைத்தார்கள். இட்டோவுக்குக் கிடைத்தது மீனவர் பெர்ஜானியின் வீடு. அவர் மனைவி மப்ரூக்கா, இட்டோவின் வயதுக்காரி, வாயும் அதே நீளம். ஆக்டோபஸ் பிடிக்கப் போட்டுவிட்டுக் கைவிட்ட பிளாஸ்டிக் பொறிகள் கரையெங்கும் ஒதுங்கிக் கிடந்தன. இட்டோ அவற்றைச் சாக்கில் அள்ளிய வேகத்தைப் பார்த்து, குழுத் தலைவி இனெஸ் என்ற இளம்பெண், "கொஞ்சம் மெதுவாப் பண்ணுங்க லல்லா, மத்தவங்களுக்கும் குப்பை வேணும்" என்று பெரியவளுக்குரிய மரியாதையோடு கெஞ்சினாள்.

ஒரு நாள் காலையில் மப்ரூக்கா வீட்டு வாசலில், தட்டு நிறைய முந்தின நாள் கூஸ்கூஸ் ரவைச் சோறும் கணவாயும் வெயிலில் காய்வதைக் கண்டாள் இட்டோ. சோறு வீணாவதைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனாள். வெயில் உச்சிக்கு வருமுன் சாக்கைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். ஓடினாள், திரும்பினாள், மறுபடி ஓடினாள். கடைசியில் பெர்ஜானியின் வண்டியில் சுருண்டபடி வீடு வந்து சேர்ந்தாள்.

மப்ரூக்கா காலித் தட்டைப் பார்த்தாள். இட்டோவைப் பார்த்தாள்.

"அக்கா, அது பூனைக்கு வச்சது."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"பூனைகிட்ட சொன்னேன். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணல."

மருத்துவமனையில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, நன்றாகத் தேறும்வரை எழக்கூடாது என்று அனுப்பினார்கள். இட்டோவுக்கு நோயைவிடப் படுக்கைதான் பயமாக இருந்தது. கொஞ்சம் தெம்பு வந்ததுமே பூண்டு உரிக்கலாம் என்று எழுந்தாள். செருப்பைக் காணோம்.

"ஒளிச்சு வச்சிருக்கேன். படுங்க" என்று உள்ளேயிருந்து மப்ரூக்காவின் குரல் வந்தது.

ஒரு கிண்ணத்தில் குழைந்த சோறும் வேகவைத்த கேரட்டும் எலுமிச்சைச் சாறும் வந்தன. சோற்றில் உப்பு தூக்கல். கேரட் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம். சொல்ல வாயெடுத்த இட்டோ, சொல்லாமல் விழுங்கினாள். தான் சமைக்காத சோறு, தான் கழுவப்போகாத கிண்ணம். திடீரென்று சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், வயிறு வலித்தது, வலித்ததற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

"காய்ச்சல் தலைக்கேறிடுச்சு போல" என்று வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெர்ஜானி எட்டிப் பார்த்தார். "மொராக்கோக்காரங்க பேசுறப்போ உயிரெழுத்தையெல்லாம் முழுங்கிடுறீங்க. அதுதான் ஜீரணமாகல."

அதன் பிறகு படுத்திருப்பதில் இட்டோவுக்கு ருசி பிடித்துவிட்டது. ஜன்னல் வழியே பேரீச்சை ஓலை ஆடுவதைப் பார்த்தாள். காலை நீட்டினாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள். இனெஸும் மற்றவர்களும் வந்து அன்று பொறுக்கிய குப்பைக் கணக்கைச் சொன்னபோது ராணி மாதிரித் தலையசைத்தாள். வயிறு சரியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மப்ரூக்கா கேட்கும்போதெல்லாம் நெற்றியில் கை வைத்து, "இன்னும் கிறுகிறுன்னு மயக்கமா இருக்கு" என்றாள்.

பக்கத்து வீட்டில் கல்யாணம். மப்ரூக்கா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் மேளம் முழங்கத் தொடங்கியது. முதலில் இட்டோவின் கால்விரல்தான் ஆடியது. பிறகு தோள் ஆடியது. பிறகு போர்வை தரையில் கிடந்தது. இட்டோ அறை நடுவில், மலைநாட்டுப் பெண்கள் வரிசையாக நின்று ஆடும் ஆட்டத்தைத் தனி ஆளாக ஆடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் கூடையோடு மப்ரூக்கா.

"மயக்கமா இருக்குன்னீங்க?"

"மயக்கத்துலதான் ஆடுறேன்."

மப்ரூக்கா கூடையை இறக்கினாள். இட்டோவுக்கு முகம் சூடேறியது. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"தள்ளுங்க" என்றாள் மப்ரூக்கா, சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. "இங்க தோள்ல ஆடுறதில்ல. இடுப்புல ஆடணும். பாருங்க."

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பெர்ஜானி, இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சுற்றுவதைப் பார்த்து வலையைக் கீழே போட்டார். "எனக்கும் வயிறு சரியில்ல. படுக்கையை இப்படி நகர்த்துங்க" என்று படுத்தேவிட்டார். அவருக்கு அன்று கேரட்டும் குழைந்த சோறும்தான் கிடைத்தது.

மறுநாள் இட்டோ கடற்கரைக்குப் போனாள். இனெஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கடைசி நாள் விருந்துக்கு நீங்க சமைச்சா எல்லாருக்கும் சந்தோஷம்."

"நான் குப்பை பொறுக்க வந்தவம்மா" என்றாள் இட்டோ. "மப்ரூக்கா சமைக்கட்டும். உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே."

கெர்கென்னாக் கடல் எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால் ஆழம்தான். இட்டோ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டேயிருந்தாள். மணலில் புதைந்திருந்த ஒரு பொறியை இழுத்தபோது, உள்ளே குடியிருந்த சின்ன ஆக்டோபஸ் வெளியே வந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. இழுத்தால் இன்னும் இறுக்கியது. கரையிலிருந்து பெர்ஜானி, "தண்ணிக்குள்ள கையை வைங்க, தானா விடும்" என்று கத்தினார். அவள் சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். கழுத்து வரை கடல். ஆக்டோபஸ் ஒவ்வொரு காலாக விட்டுவிட்டு நழுவிப் போனது. இட்டோ உடனே எழவில்லை.