பீப்பாய்க்குள் பெர்சி

பெர்சி கட்லரின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. அதை வைத்துத்தான் அவன் பிழைப்பு ஓடியது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் குள்ளன், கடற்கரைக் கொட்டகையில் குரங்கு, ஒரு விளம்பரத்தில் சோப்புக்கட்டி. ஹாமர்ஸ்மித்தில் அவனைத் தெரியாத மதுக்கடை கிடையாது. அவனை மதித்த மதுக்கடையும் கிடையாது. 1964இல் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை சாயங்கால விண்வெளித் தொடருக்கு இரண்டாவது சீசனாம், வேற்றுக்கிரகத்து இயந்திரத்துக்குள் உட்கார ஆள் வேண்டுமாம்.

“மொகத்த மூடுவாங்களா?” என்று மனைவி ஐவி கேட்டாள்.

“சும்மா ஒரு முகமூடி” என்றான் பெர்சி. வாய் கூசாமல் சொன்ன பொய்.

ஐவி அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. போர்க்காலத்தில் குண்டு விழுந்து வீடு சரிந்தபோது சிறுவன் பெர்சியும் அவன் அம்மாவும் இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். தேடி வருகிறவர்களுக்குக் கேட்பதற்காக அம்மா சுவரைத் தட்டினாள். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று. அவனும் தட்டினான். நடுவில் அம்மாவின் தட்டு நின்றுபோயிற்று. அவன் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து அவன் வீட்டில் எந்தக் கதவும் சாத்தப்பட்டதில்லை. குளியலறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. தூக்கத்திலும் கட்டில் பலகையைத் தட்டுவான். ஐவி கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள்.

அந்த இயந்திரம் பார்க்கத்தான் பயங்கரம். ப்ளைவுட் கூடு, வெள்ளிப் பெயின்ட், அடியில் சக்கரம். செட்டில் எல்லாரும் அதைப் பீப்பாய் என்றார்கள். உள்ளே முக்காலியில் உட்கார்ந்து காலால் உந்த வேண்டும். மூடியை வைத்துத் திருகாணி முடுக்குவது வெளியிலிருந்துதான், அது செட் ஆள் சிட் பிரெய்லியின் வேலை. உள்ளே இருப்பவன் வாய் திறக்கக் கூடாது. இயந்திரத்தின் கரகரக் குரல் மூலையில் மைக்கோடு உட்கார்ந்திருந்த டெஸ்மண்டுடையது. அவன் பேசியது ஒலிபெருக்கியில் செட் முழுக்க இரையும்.

வாரம் முழுக்க ஒத்திகை, தேவாலயக் கூடத்தில், பீப்பாய் இல்லாமல். வெள்ளிக்கிழமை ஒளிப்பதிவு, மேடை நாடகம் போல ஒரே மூச்சில். நடுவில் நிறுத்தினால் டேப்பைப் பிளேடால் அறுத்துத்தான் ஒட்ட வேண்டும், அதனால் நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. செட் சரிந்தாலும் நடித்துக்கொண்டே போ என்பதுதான் அங்கே வேதம்.

முதல் சில வாரங்கள் பெர்சி பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தான். டைரக்டர் ஆஷ்வொர்த் அவனை “மிஸ்டர் கட்லர்” என்று கூப்பிட்டார். வாழ்நாளில் வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பயத்தை வெளியே சொன்னால் அந்த மிஸ்டர் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

அப்புறம் இயந்திரம் அழிகிற காட்சி வந்தது. சிட் புகைச்சட்டியைப் பீப்பாயின் காற்றுத் துளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். புகை முழுக்க உள்ளே வந்தது. கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது. பெர்சி கத்தினான். அது இருமலாகத்தான் வந்தது. கை தானாக ப்ளைவுட்டைத் தட்டத் தொடங்கியது. மூன்று, நிறுத்தம், மூன்று.

பீப்பாய் குலுங்குவதை டெஸ்மண்ட் தன் திரையில் பார்த்தான். பெர்சி சொந்தமாக ஏதோ சேர்த்து நடிக்கிறான், தானும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மைக்கில் வாய் வைத்தான்.

“இருட்டு... திறந்துவிடுங்கள்... மூச்சு... மூச்சு...”

தான் கத்த நினைத்ததெல்லாம் இயந்திரக் குரலில் வெளியே முழங்குவதை பெர்சி உள்ளே இருந்து கேட்டான். இனி தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவரும் வரமாட்டார்கள். அவனுக்கு அம்மாவின் நினைவு வந்தது. தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

காட்சி முடிந்த பிறகுதான் மூடி திறந்தது. கதாநாயகி நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். “பிரமாதம், மிஸ்டர் கட்லர்” என்றார் ஆஷ்வொர்த். “அந்தத் தட்டு இருக்கே, எனக்கே முதுகு சில்லிட்டுப்போச்சு. அடுத்த பீப்பாயும் அப்படியேதான் சாகணும்.”

“சரிங்க சார்” என்றான் பெர்சி. பிறகு செட்டின் தட்டிச் சுவருக்கு அந்தப்பக்கம் போய் வாந்தி எடுத்தான்.

அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது ஐவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். “நடிப்புதான்” என்றான். திங்கட்கிழமை தெருப்பிள்ளைகள் குப்பைத்தொட்டிகளைத் தட்டிக்கொண்டு திரிந்தார்கள். மூன்று, நிறுத்தம், மூன்று. பெர்சி காதைப் பொத்திக்கொண்டு கடைக்குப் போய்வந்தான்.

புதன்கிழமை அவன் சவரம் செய்துகொண்டிருந்தபோது மாடியில், மகள் ஜில்லின் அறையில், அதே தட்டுச் சத்தம்.

“ஜில்தான்” என்றாள் ஐவி சிரித்துக்கொண்டே. “காலையிலேர்ந்து பீப்பாய் வெளையாட்டு. நீ பாட்டுக்கு செரை.”

பெர்சி சோப்பு நுரையோடு மாடிக்கு ஓடினான். துணி அலமாரியின் வெளிக்கொக்கி தானாக விழுந்து மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்த வேகத்தில் கொக்கி கையோடு வந்தது. மகள் கோட்டுகளுக்கு அடியில் வேர்த்து வெளுத்துக் கிடந்தாள். வாரி எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனான். வெகுநேரம் விக்கிவிட்டுத்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

“மொதல்ல வெளையாட்டுக்குத்தாம்ப்பா தட்டினேன். அப்புறம் நெசமாவே தட்டினேன். அம்மா ரெண்டுக்கும் சிரிச்சாங்க.”

அறை வாசலில் வந்து நின்றிருந்த ஐவிக்கு முகம் செத்துப்போயிற்று. மகளைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“அன்னைக்கு டிவியில... நீயும் நெசமாத்தான் தட்டினியா?”

“ஆமா” என்றான் பெர்சி.

வெள்ளிக்கிழமை சிட் மூடியோடு வந்தபோது பெர்சி கையை நீட்டினான். “திருகாணியெல்லாம் எங்கிட்ட குடு.”

“டேய், மூடி ஆடும்டா. டைரக்டர் என்னைக் கொன்னுடுவாரு.”

“ஆடட்டும். குடுடா.”

திருகாணிகளைக் கைக்குள் மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். அன்றைக்குப் புகை வந்ததும் தலையால் மூடியை லேசாகத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டான். எழுதிக்கொடுத்தபடியே தட்டினான். மூன்று, நிறுத்தம், மூன்று. உடம்பு நடுங்கவில்லை.

முடிந்ததும் ஆஷ்வொர்த் வந்தார். முகத்தில் களையில்லை.

“என்னய்யா ஆச்சு? போன தடவை இருந்த உயிரே இல்லையே.”

மிஸ்டர் இல்லை என்பதை பெர்சி கவனித்தான். திருகாணிகளை சிட்டின் கையில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.