பரஸ்தானம் வைத்த பெட்டி

இதை, அம்மாவின் பிள்ளைகளான உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்? முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நம் கூட்டத்தில் பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சுகுணா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குறைவு. இரண்டும் அம்மாவுக்குத் தெரியும்.

போன ஆனி மாதம் நடந்தது இது. என் ஒரே மகள் நித்யா வளைகுடா நாடு ஒன்றில் வேலை பார்க்கிறாள். எந்த நாடு என்று எழுதாதே என்று சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதவில்லை. அவளுக்கு முதல் பிரசவம். ஏழாம் மாதம் இங்கே வருவதாக ஏற்பாடு. ஆனால் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை. நினைத்த நேரத்தில் கரைக்கு வர முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நித்யா போன் செய்தாள்.

"அம்மா, குழந்தைய முன்னாடியே எடுத்துடணும்னு சொல்றாங்க. நீ வந்துடு. எனக்கு பயமா இருக்கும்மா."

என் பெண் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட விசில் அடித்துக்கொண்டு போனவள். போனை வைத்ததும் சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எழுந்து அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. என் வீட்டுக்காரர் உடனே காலண்டரைப் புரட்டினார். அவருக்கு முழங்கால் வலி, பிரயாணம் முடியாது. அதனால் நான் மட்டும்தான் போகிறேன். ஆனால் நாள் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"சுகுணா, வெள்ளிக்கிழமை மேற்கால சூலம். நீ போற ஊர் மேற்குலதான் இருக்கு."

"அப்போ ஃபிளைட்ட கிழக்கால திருப்பச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைப் பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். இந்தக் காலப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பிரயாணப் பெட்டியைக் கொண்டுபோய் வேறு ஒரு வீட்டில் வைத்துவிடுவார்கள். அத்துடன் பிரயாணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன்பின் அந்தப் பெட்டியை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது, திறக்கவும் கூடாது. கிளம்பும்போது அந்த வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் மகள் அங்கே அப்படிக் கிடக்கும்போது எதையும் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. ராத்திரி முழுக்கப் பெட்டியை அடுக்கினேன். புதன்கிழமை காலை நல்ல நேரத்தில், எங்கள் தெருவிலேயே இருக்கும் ஜெயா மாமி வீட்டுக்கு இவர் அதை இழுத்துக்கொண்டு போனார். மாமி நித்யாவைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர்.

அன்று மாலை கோயிலுக்குப் போனேன். நம் அம்மாவின் ஓலைக் கூரையைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் வந்துவிட்டது. "தாயே, வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடையும் இல்லாமல் என்னை என் பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு" என்று வேண்டினேன். இந்த வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பூக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு டீச்சரம்மா அழுவுற? அவ பாத்துக்குவா, நீ போய்க்கினே இரு" என்று ஒரு முழம் மல்லியைக் கையில் திணித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். அந்த நாட்டுக்குள் போகக் குடியேற்றத்துக்கும் சுங்கத்துக்கும் சேர்த்து ஒரே படிவம், ஆன்லைனில் நிரப்ப வேண்டும். பயணத்துக்கு முந்தைய நாள்தான் திறக்கும். முடித்தால் ஒரு கியூஆர் கோடு வரும். அது இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று நித்யா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்.

பெயர், முகவரி, எங்கே தங்குவீர்கள், எதற்கு வருகிறீர்கள் என்று எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். சுங்கப் பகுதி வந்தது. பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? ஆம். மற்றவர் கொடுத்த பொருள் ஏதாவது இருக்கிறதா? இல்லை. கீழே காணும் பட்டியலில் உள்ள பொருள் ஏதாவது இருக்கிறதா? பட்டியல் நீளமாக இருந்தது. துப்பாக்கி, போதைப்பொருள் என்று ஆரம்பித்ததும், நமக்கென்ன இதெல்லாம் என்று விரலால் தள்ளிவிட்டு 'இல்லை' போட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேகத்தில் டிக், டிக், டிக்.

கடைசிப் பக்கத்தில் பாஸ்போர்ட்டின் படம் கேட்டது. என் போனில் ஒரு படம் இருந்தது, ஏற்றினேன். தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டது. மறுபடி ஏற்றினேன். மறுபடி திருப்பியது. பெரிதாக்கிப் பார்த்தால், ஓரத்தில் என் வீட்டுக்காரரின் கட்டைவிரல்.

"பாஸ்போர்ட் எங்க?" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பெட்டிக்குள்ள வெச்சுட்டேன். போறவங்களோட முக்கியமான பொருள் ஒண்ணு உள்ள இருந்தாதான் பரஸ்தானம்."

வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் அடுத்தவர் வீட்டில் பூட்டி வைத்த ஒரே மனிதர் இந்த மயிலாப்பூரில் இவராகத்தான் இருப்பார். அதற்கும் மேலே, "திறக்காம வேற வழி இல்லையா பாரேன்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அம்மாவிடம் சண்டை போட்டேன். தடையே வேண்டாம் என்று அழுதேனே, முதல் காரியத்திலேயே இப்படி முட்டுக்கட்டை போடுகிறாயே என்று கேட்டேன்.

ஜெயா மாமி பெட்டியைக் கூடத்தில் கோலம் போட்டு, அதன்மேல் வைத்திருந்தார்.

"டீச்சர், திறக்கப்படாதுன்னு சார் சொன்னாரே!"

"சார் பண்ணின வேலைக்குத்தான் மாமி திறக்க வந்திருக்கேன்."

பூட்டின் எண்களைத் திருகித் திறந்தேன். பாஸ்போர்ட் மேலேயே இருந்தது. அதை எடுக்கும்போது அடியில் ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. நான் வைத்தது இல்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கனமாக இருந்தது.

"இது என்ன மாமி?"

"கசகசா. குழந்தை பெத்தவளுக்குத் தூக்கம் வரணுமோல்லியோ? பால்ல அரைச்சுக் குடுங்கோ. சார் பெட்டி கொண்டுவந்தப்பவே உள்ள வெச்சேன், அவர்தான் மூடிப் பூட்டினார். எங்காத்துல எல்லாருக்கும் இதான் குடுத்துண்டு வரோம்."

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நம்புங்கள், அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாமிக்கு நன்றி சொல்லிவிட்டு, பொட்டலத்தை இருந்த இடத்திலேயே பத்திரமாகத் திருப்பி வைத்தேன். மாமியின் சாப்பாட்டு மேசையில் பாஸ்போர்ட்டை வைத்துப் படம் எடுத்தேன். அனுப்புவதற்கு முன் நித்யாவுக்கு வீடியோ கால் போட்டு, படம் சரியா என்று காட்டினேன். சரி என்றாள். முகம் வீங்கியிருந்தது. அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே என்று, "மாமி உனக்குக் கசகசா குடுத்திருக்காங்கடி, வந்து பால் காய்ச்சித் தரேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"அம்மா! கசகசாவா? பெட்டியிலயா? அம்மா, எடுத்துடு! இப்பவே எடு! இங்க அது போதைப்பொருள் கணக்கும்மா! எங்க பில்டிங்ல ஒருத்தரோட மாமியார் பிரியாணி மசாலாவுக்குன்னு கொண்டுவந்து ஏர்போர்ட்லயே பிடிச்சுட்டாங்க. இன்னும் ஜெயில்லதான் இருக்காங்க!"

மேசையைப் பிடித்துக்கொண்டேன். என் கையிலிருந்த போனில் அந்தப் படிவம் அப்படியே திறந்திருந்தது. பெட்டியை நானே அடுக்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர் கொடுத்தது இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பட்டியலை இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இருந்தது. கசகசா, ஆங்கிலத்தில். மளிகைக் கடையில் நான் அதை ஆங்கிலத்தில் கேட்டதே இல்லை.

ஜெயா மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "பாவி, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்! அவ எனக்கும் பொண்ணுதானே டீச்சர்!"

பயத்தில் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், மாமியை நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போனில் நித்யா, "எல்லாத்தையும் கொட்டிப் பாரும்மா" என்று கத்தினாள். பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தோம். புடவைகள், பருப்புப் பொடி, சுக்கு, பூண்டு ஊறுகாய், குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி. எல்லாவற்றுக்கும் அடியில் என் குருமா பொடி டப்பா உருண்டு வந்தது.

நித்யா ஆசைப்பட்டுக் கேட்ட பொடி. என் கையால் வறுத்து அரைத்தது. அதில் நான் என்ன போடுவேன் என்று நம் கூட்டத்தில் என் குருமாவைச் சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும். சோம்பு, பட்டை, கிராம்பு, ஒரு கை கசகசா.

வாயெடுத்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. மாமியின் பொட்டலம் கண்ணில் பட்டிருக்காவிட்டால் கசகசா என்ற பேச்சே வந்திருக்காது. என் டப்பா அடியிலேயே இருந்திருக்கும். அந்தப் பாஸ்போர்ட் படம் முதல் தடவையே சரியாக ஏறியிருந்தால் இந்தப் பெட்டியை யாரும் கொட்டிப் பார்த்திருக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை மாமி வீட்டு வாசலிலிருந்து நேரே விமான நிலையம். என் பெண் அங்கே ஆஸ்பத்திரியில் எனக்காகக் காத்திருப்பாள். நான் எங்கே இருந்திருப்பேன்? அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது.

அந்தக் கூடத்திலேயே, கொட்டிக் கிடந்த புடவைகளுக்கு நடுவே விழுந்து கும்பிட்டேன். "சண்டை போட்டேனே தாயே, மன்னிச்சுடு" என்று அழுதேன். மாமியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். என்னவென்று பார்க்க இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தார். கூடத்துக் கோலத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பரஸ்தானம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பொட்டலத்தையும் டப்பாவையும் மாமியின் சமையலறையிலேயே வைத்துவிட்டு, படிவத்தை முதலிலிருந்து நிரப்பினேன். இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தேன். பெட்டியில் இருந்த ஒவ்வொரு பொருளையும் மாமி கையில் எடுத்துக் காட்டிய பிறகே பதில் போட்டேன். கியூஆர் கோடு வந்தது.

அங்கே இறங்கியதும், நீங்கள் நம்ப மாட்டீர்கள், என் பெட்டியைத்தான் தனியாக எடுத்து வைத்தார்கள். ஒரு அதிகாரி டப்பா டப்பாவாகத் திறந்தார். பருப்புப் பொடியை விரலில் தொட்டு முகர்ந்தார். பிறகு என்னை நேராகப் பார்த்து, கசகசா இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நோ" என்றேன். அது உண்மையாக இருந்தது. அவர் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.

அங்கே போய்ச் சேர்ந்த மறுநாளே நித்யாவை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நீ இருக்கல்ல, போதும்" என்றாள். பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவுதான், ஆனால் அழுகைக்கு ஒன்றும் குறைவில்லை. கண்ணம்மா என்று கூப்பிடுகிறோம்.

நான் மாறிவிட்டேன் என்று இவரே சொல்கிறார். முன்பெல்லாம் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் ஊரையே திட்டுவேன். இப்போது ஏதாவது காரியம் பாதியில் நின்றால், நானும் ஒரு நிமிஷம் நிற்கிறேன். நீங்களும் அப்படி நின்று பாருங்கள். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள், அம்மாவைக் கும்பிடுங்கள். கும்பிட்டுவிட்டு, தயவுசெய்து பெட்டியை ஒரு தடவை கொட்டிப் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் கோயிலில் பொங்கல் வைத்தேன். அரிசி களைந்து போட்டது ஜெயா மாமிதான். சன்னதியில் நின்றபோது, அந்தப் புதன்கிழமை அழுதுகொண்டே கேட்டது நினைவுக்கு வந்தது. ஒரு தடையும் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று கேட்டிருந்தேன். அதற்காகவே அவள் என் எதிரில் வந்து, போகாதே, நில் என்று மறித்திருக்கிறாள். அவளைத்தான் நான் தெரு முழுக்கத் திட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.