நூல் திருப்பி

சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குத் தையல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் காஜா. அதை எடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்ததால் அவளுக்கும் காஜா அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண அட்டையில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கடைத்தெருவின் தையல் கடைகளிலிருந்து அவள் வீட்டுக்குக் கோட்டுகள் வரும். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கோட்டை மடியில் பரப்பி, துளையின் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு முடிச்சாகக் கட்டிக்கொண்டே போவாள். அதற்குச் சாதாரண நூல் உதவாது. இழையை இரட்டையாக்கி, மெழுகுக் கட்டியில் இழுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி முறுக்கேற்ற வேண்டும். காஜா நிற்பதே அந்த முறுக்கில்தான்.

அந்தக் கட்டைவிரல்தான் கொஞ்ச காலமாக அவளுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. ஊசியைப் பிடிக்கும்போது வலி பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. நூலை உருட்டும்போது மட்டும் மணிக்கட்டு வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஏறும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடைக்காரர்கள் காதில் விழுந்தால் கோட்டுகள் வேறு வீட்டுக்குப் போய்விடும். கோட்டுகள் வராத வீட்டில், அந்த ஜன்னலோரத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும் தன்னை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. புருஷனிடமும் மூச்சுவிடவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். தன் கையையும் கழற்றச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் பின்தெருவில் ஒரு வீட்டு வாசலில் அட்டை தொங்கியது. வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர் இறந்துபோய், வெளியூரில் இருந்த மகள் வந்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். கத்தரிக்கோல் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் அக்கா போனாள். படுக்கையறை மேசையில் அது உட்கார்ந்திருந்தது.

சாய்வான ஒரு பலகை. அதன் ஓரத்தில் கொக்கின் கால் மாதிரி நீண்டு மெலிந்த பித்தளைக் கை. கையின் நுனியில் சின்னக் கிண்ணம். அதில் காய்ந்துபோன மெழுகு. கீழே ஒரு சுருள்வில், தோல் ஒட்டிய இரண்டு அழுத்துபட்டைகள். பலகையின் நெற்றியில் ஒரு தகடு. அதில் ஆணியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதியிருந்தது: நூல் திருப்பி.

அக்கா கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். மெழுகு இருக்கிறது. நூல் என்றும் எழுதியிருக்கிறது. இனி விரல் எதற்கு?

சாமான் பார்க்க வந்திருந்த கடைத்தெருப் பட்டன் கடைக்காரர் பக்கத்தில் வந்து அதற்குக் கையை நீட்டினார். அக்கா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்னன்னு தெரியாமலே வாங்குறீங்களே அக்கா."

"அதான் எழுதியிருக்கே. நூலைத் திருப்பி முறுக்கேத்தும், மெழுகு போடும்."

"ஊசியும் கோத்துத் தருமா?"

"தந்தா உங்க கடைப்படி ஏறுற வேலை எனக்கு மிச்சம்."

வாசலில் உட்கார்ந்திருந்த மகள் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். "அப்பா எதையாவது குடைஞ்சுக்கிட்டே இருப்பாரு. இது என்னன்னு எனக்கே தெரியாதுங்க."

வீட்டில் வைத்து முயற்சி செய்தபோது அது நூலை மதிக்கவே இல்லை. ஒரு பட்டையை அழுத்தினால் பித்தளைக் கை மெல்ல எழுந்து, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் மாதிரி வலமிருந்து இடமாகச் சாய்ந்தது. இன்னொன்றை அழுத்தினால் வந்த வழியே திரும்பியது. நூலைக் கிண்ணத்தில் சுற்றிப் பார்த்தாள், கையில் கட்டிப் பார்த்தாள், வில்லுக்குள் நுழைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சிக்கல்தான் மிச்சம்.

புருஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது முறுக்குற ஜாதியே இல்லம்மா. சுத்துறதுக்கு ஒரு சக்கரம் கூடக் கிடையாது. எதையோ ஒண்ணைத் தூக்கும், அந்தப் பக்கம் போடும். அவ்வளவுதான்."

"எதைத் தூக்கும்?"

"கனமில்லாத எதையோ. பாரு, வில்லு எவ்வளவு மெலிசா இருக்கு."

"உங்களுக்கு லிஃப்ட் தவிர என்ன தெரியும்?"

"தூக்குறதைப் பத்தி லிஃப்ட்காரனுக்குத் தெரியாம வேற யாருக்கும்மா தெரியும்?"

தெருவில் ஆளுக்கொரு ஜோசியம் சொன்னார்கள். தபால் தலை ஒட்டுகிற மெஷின் என்றார் பட்டன் கடைக்காரர். அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன அக்கா, இன்னிக்காவது திருப்புச்சா?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அவள் முகம் கொடுக்காமல் நடந்துவிடுவாள். கேலி அவளை அவ்வளவாகச் சுடவில்லை. இரவு நூலை உருட்டும்போது விரல் கெஞ்சியதுதான் சுட்டது. ஒரு கோட்டில் முறுக்கு தளர்ந்துவிட்டது என்று கடையிலிருந்து முதல் முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், பிழை திருத்துபவரின் மகள் வாசலில் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, உங்ககிட்ட எல்லா நிறத்துலயும் நூல் இருக்கும்னு பட்டன் கடையில சொன்னாங்க."

"இருக்கு. என்ன நிறம் வேணும்?"

"அதான் தெரியல அக்கா." அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "அம்மாவுக்குக் கேக்குறேன். அப்பா போன கையோட அம்மாவுக்குப் பக்கவாதம். பேச்சு போயிடுச்சு. ஒரே ஒரு வார்த்தைதான் வருது. நூல், நூல்னு. வெள்ளை குடுத்தேன், தள்ளிவிட்டாங்க. கறுப்பு, சிவப்பு, பட்டு நூல் வரைக்கும் குடுத்துப் பார்த்துட்டேன். முகத்தைத் திருப்பிக்கிறாங்க. சாப்பாடும் சரியா இறங்க மாட்டேங்குது. அவங்களை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போகவும் முடியல. இந்த ஒரு வார்த்தை என்னன்னு தெரியாம இங்கயே வாடகைக்கு ஒரு அறை எடுத்துக் கிடக்கேன்."

"நல்லாத் தைப்பாங்களா?"

"எங்க தைக்கிறது? பல வருஷமா முடக்குவாதம். விரலெல்லாம் மடங்கியே போச்சு."

அக்கா தன் கட்டைவிரலை மற்றக் கைக்குள் ஒளித்துக்கொண்டாள். "விரல் வராதவங்களுக்கு நூல் எதுக்கும்மா?"

மகளின் பார்வை மேசைக்குப் போனது. "அதை இன்னும் தூக்கிப் போடலையா?"

"நூலுக்குன்னு நெனச்சு வாங்கினேன். ஒரு இழை கூட எடுக்கல."

மகள் லேசாகச் சிரித்தாள். "அப்பா செஞ்சதும் அப்பா பேசுற மாதிரியே இருக்கு. வீட்டுல கூட அச்சடிச்ச மாதிரிதான் பேசுவாரு. பேனாவை எழுதுகோல்னு கேப்பாரு. ஒரு தடவை பக்கத்து வீட்டம்மாகிட்ட ஏதோ புத்தகத்தைக் குடுத்து, 'இந்நூலை மெதுவாகத் திருப்பித் தாருங்கள்'னு சொல்லிட்டு வந்துட்டாரு. அவங்க நூல்கண்டு எங்கேன்னு தேடு தேடுன்னு..."

வாக்கியம் பாதியில் நின்றது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா எழுந்து, புருஷனுடைய லிஃப்ட் பழுதுபார்க்கும் புத்தகத்தை எடுத்து வந்தாள். சாய்வுப் பலகையில் விரித்து வைத்தாள். அளந்து செய்தது போல் அது உட்கார்ந்தது. அவள் முழங்கையால் பட்டையை அழுத்தினாள். பித்தளைக் கை எழுந்தது. நுனியில் இருந்த மெழுகு தாளை ஒட்டித் தூக்கியது. பக்கம் வலமிருந்து இடமாகப் புரண்டு, சத்தமில்லாமல் படுத்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல அக்கா. புத்தகம்னுதான் சொல்வாங்க. அப்பா நூல்னு சொன்னா, 'ஊசி நான் தரட்டுமா'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அதனாலதான் எனக்குத் தோணவே இல்ல. அவங்க வார்த்தை எல்லாம் போயிடுச்சு. அவரோட வார்த்தை மட்டும் நின்னுடுச்சு."

"புத்தகம் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"யாரும் வாங்காத ஒரு பெட்டி என் கட்டிலுக்கடியில இருக்கு."

அக்கா கிண்ணத்திலிருந்த பழைய மெழுகைச் சுரண்டி, தன் மெழுகை உருக்கி ஊற்றினாள். இரண்டு பேருமாகப் பலகையைத் தூக்கிக்கொண்டு அந்த வாடகை அறைக்குப் போனார்கள்.

கிழவி தலையணையில் சாய்ந்திருந்தாள். படுக்கையைச் சுற்றிலும் தள்ளிவிடப்பட்ட நூல்கண்டுகள். பெட்டியிலிருந்து எடுத்த ஒரு புத்தகத்தோடு பலகை மடியில் அமர்ந்ததும் அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தகட்டையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு முழங்கையை நகர்த்திப் பட்டையை அழுத்தினாள். புது மெழுகு கொஞ்சம் அதிகமாக ஒட்டி, இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டது.

"திருப்பி," என்றாள் கிழவி, எரிச்சலோடு.

அது அவளுடைய இரண்டாவது வார்த்தை. மகள் அழுதுகொண்டே பக்கத்தைத் திருப்பி வைத்தாள். அக்கா அங்கே அழவில்லை. போர்வை மேல் கிடந்த அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் புருஷன் வந்ததும் வெறும் மேசையைக் கவனித்தார். "எங்கம்மா உன் மெஷின்?"

அக்கா நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ நூல் முறுக்குறதுக்கு என்ன பண்ணுவ?" என்றார்.

"முறுக்க முடியலங்க." இவ்வளவு நாள் மறைத்தது தானாக வெளியே வந்தது. "கட்டைவிரல் வரவே மாட்டேங்குது. ரொம்ப நாளா."

"தெரியும்."

"தெரியுமா?"

"டப்பா மூடியைப் பல்லால திறக்கிறவளைப் பார்த்தா தெரியாதா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். இப்பதான் வாய் திறந்திருக்கு." அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டுவோம். அந்தப் பெரியவர் மாதிரி மெஷின் செய்ய எனக்கு வராது. அந்த நூலை இப்படிக் குடு."

"கிரீஸ் கையோடயா? வெள்ளைக் கோட்டுங்க அது."

அவர் எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். இழையை இரட்டையாக்கி, மெழுகில் இழுத்தார். அறுந்தது.

"லிஃப்ட் கேபிளா அது? மெதுவா."

இன்னொரு இழை எடுத்தார். அதுவும் அறுந்தது. அக்கா சிரிக்க ஆரம்பித்து, அந்தச் சிரிப்பிலேயே அழுதும் தீர்த்தாள்.

விரலுக்கு ஒரு பட்டி போட்டு, உருட்டுகிற வேலை கூடாது, ஊசி பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இப்போது காலையில் வேலைக்குக் கிளம்புமுன் புருஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைக்கு வேண்டிய நூலை முறுக்கி, அட்டையில் சுற்றி வைத்துவிட்டுப் போகிறார். அவர் முறுக்கு அவளுடையதைவிடக் கெட்டி என்று கடையில் சொன்னார்களாம். அக்கா அதை அவரிடம் சொல்லவில்லை.

பட்டன் கடைக்காரர்தான் புதுப்பெயரை வைத்தார். லிஃப்ட் மெக்கானிக் தெருவில் போனால், "என்ன நூல் திருப்பி, கிளம்பியாச்சா?" என்று கேட்கிறார். இவரும் கூச்சமே இல்லாமல் திரும்பிப் பார்க்கிறார்.