ஹெலினா தொடாமல் விட்ட குப்பி

என் அக்கா ஹெலினாவால் மூடியிருக்கும் எதையும் மூடியபடி விட முடியாது. இட்லி வெந்துகொண்டிருக்கும்போதே திறந்து பார்ப்பாள். கிறிஸ்துமஸ் கேக் வேகும்போது அடுப்பின் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். அதனால் புனே பக்கம் தேஹு ரோட்டில் எங்கள் வீட்டு கேக் வருஷா வருஷம் நடுவில் குழி விழுந்துதான் வரும். அம்மா அந்தக் குழியில் டூட்டி ஃப்ரூட்டியைக் கொட்டிச் சமாளிப்பாள்.

இப்படிப்பட்டவள்தான் படிகம் வளர்க்கும் வேலைக்குப் போனாள். காலை லோக்கல் ரயிலில் சிவாஜிநகர், அங்கிருந்து பஸ்ஸில் ஆய்வுக்கூடம். சஹ்யாத்ரி மலைப் புதர் ஒன்றின் வேரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளைப் பற்றியது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அதில் எந்த அணு எதோடு சேர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அந்த மூலக்கூறு இடமா வலமா என்பதுதான் பாக்கி.

அப்பா இன்பநாதனுக்கு ராணுவத்தின் ஆர்டினன்ஸ் டிப்போவில் பூட்ஸ் பிரிவில் வேலை. அவரிடம் அக்கா சொன்னாள்: "இடது பூட்ஸ், வலது பூட்ஸ் மாதிரிப்பா. அதே தோல், அதே லேஸ். ஆனா ஒண்ணை மாத்தி இன்னொண்ணைப் போட முடியாது. இந்தச் செடி ஒரு காலுக்கு மட்டும்தான் செய்யுது. எந்தக் கால்னுதான் தெரியலை."

"அப்ப நம்ம கான்ட்ராக்டர் மாதிரின்னு சொல்லு. அவனும் பெட்டி முழுக்க ஒரே காலா அனுப்புவான்."

எக்ஸ்-ரே செலுத்திப் பார்த்தால் விடை கிடைக்கும். கார்பனும் ஆக்ஸிஜனும் மட்டும் இருந்தால் அவர்களுடைய கருவிக்கு இடமும் வலமும் ஒன்றாகவே தோன்றும் என்பதால், கனமான புரோமின் அணு ஒன்றை அக்கா அதில் இணைத்திருந்தாள். ஆனால் முதலில் ஒரு நல்ல படிகம் வேண்டும். கரைசல் அசையாமல் நின்றால்தான் அது வளரும். இவளோ வந்ததும் ஒரு தடவை, டீக்கு முன்னால் ஒரு தடவை குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் பொடிதான் படிந்தது. உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. 2001 அக்டோபரில் கடைசிக் குப்பிதான் மிஞ்சியிருந்தது.

தசராவுக்கு முந்தின நாள் கண்டே நவமி. புனேயில் பட்டறையோ ஆபீஸோ, அன்று கருவிகளைத் துடைத்துப் பூஜை செய்வார்கள். ஆய்வுக்கூடத்துத் தோழி, கோயம்புத்தூர்க்காரி மங்கையர்க்கரசி, எக்ஸ்-ரே கருவிக்குச் செண்டுமல்லி மாலை போட்டாள். கூடவே ஹெலினாவின் குப்பியையும் அதன் பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டுவிட்டாள்.

"அரசி, என் குப்பியைக் குடு."

"பூசைக்கு வெச்சதையா கேக்கற? லீவு முடியற வரைக்கும் கை வெக்கக் கூடாது கண்ணு."

"நான் சர்ச்சுக்குப் போறவடி."

"உங்க கர்த்தர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. போய் டிரெயினைப் புடி."

கருவி இருந்த ஏசி அறை பூட்டப்பட்டது. அந்த லீவு முழுக்க எங்கள் வீட்டில் ஒரு பாத்திரத்துக்கும் நிம்மதி இல்லை. "உன் குப்பியைப் பார்க்க முடியலைன்னு என் குழம்பை ஏண்டி படுத்தறே?" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை, வாடிய செண்டுமல்லிக்குப் பின்னால், குப்பியின் அடியில் பட்டை தீட்டியதுபோல் தெளிவான படிகங்கள் நின்றன. "இப்பத் தொடு," என்று மங்கையர்க்கரசி சொன்னபோது அக்காவுக்குக் கை எழவில்லையாம்.

சில நாட்களில் விடை வந்தது. ஆய்வேட்டில் அவள் ஊகித்து வரைந்திருந்ததற்கு நேர் எதிர்.

"தப்பான காலா?" அப்பா பதறினார்.

"கால் சரிதான்ப்பா. நான்தான் மாத்திப் போட்டுக்கிட்டிருந்தேன்," என்று சிரித்தாள். எல்லாப் படங்களையும் திருப்பி வரைந்து, டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தும் விட்டாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா கேக்கை உள்ளே வைத்ததும் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். "நான் ஒண்ணும் தொட மாட்டேன். இப்ப எனக்குப் பழகிடுச்சு," என்று வாசலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பின் கதவு கிறீச்சிட்டது.

நடுவில் குழி விழுந்த துண்டை அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.